முழுசாகப் படித்தவர்

உலகத்தில் படிப்பவர்கள் ஒரு கட்சி, படிக்காதவர்கள் இன்னொரு கட்சி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தீர்களா? ஐயோ பாவம். இந்த இரண்டு கட்சியையும் ஒன்றாகச் சேர்த்து வரிசையில் நிறுத்தினாலும் மூன்றாவது கட்சியின் கூட்டத்துக்குக் கால்வாசி தேறாது. அந்த மூன்றாவது கட்சிக்காரரைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். அவர்தான் முழுசாகப் படித்தவர்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, எண்ணூறு பக்க நாவல், எதை வேண்டுமானாலும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். அட்டையைத் தடவுவார். பொருளடக்கத்தின் மேல் ஆள்காட்டி விரலை ரயில் மாதிரி ஓட்டுவார். சடாரென்று கடைசிப் பக்கத்துக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடுவில் எங்கேயோ திறந்து, புருவத்தைச் சுருக்கி, "ம்ம்ம்..." என்று ஒரு நீளமான முனகல் முனகி, பட்டென்று மூடிவிடுவார். முடிந்தது. இனி அந்தப் புத்தகத்தைப் பற்றி அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது.

"நடுவுல ஒரு இடம் வருது பாருங்க. விஷயமே அங்கதான் இருக்கு" என்பார்.

எந்த இடம் என்று கேட்டுவிடாதீர்கள். "நான் சொல்லிட்டா சுவாரசியம் போயிடும். நீங்களே படிங்க, உங்களுக்கே புரியும்" என்று உங்களைப் படிக்காதவர் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் நிஜமாகவே படித்தவராக இருந்தாலும் அவருக்கு முன்னால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். நிஜமாகப் படித்தவனுக்குத்தானே சந்தேகம் வரும்?

இப்படிப்பட்ட ஒருவர் ஒரு துறைமுக ஊரில் இருந்தார். துறைமுக வாசலில் உள்ள எடைமேடையில் எழுத்தர். லாரி மேடைமேல் ஏறி நிற்கும், திரையில் எண் விழும், இவர் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை என்பதால் எதைப் பார்த்தாலும் அதன் எடையைச் சொல்லிவிடுகிற திறமை அவருக்கு இருந்தது. தெருவில் அவரை "முழுசு" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு முன்னாலேயே கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாத்திரைப் பெட்டிக்குள் பதினாறாக மடித்து வைத்திருக்கும் வெங்காயச் சருகு போன்ற காகிதம் இருக்கிறதே, எறும்பு வரிசை போன்ற எழுத்தில் அச்சடித்தது, அதை விரித்து, கடைசி எறும்புவரை படித்த பிறகுதான் மருந்தை அலமாரியில் அடுக்குவாள். உலகத்தில் அந்தக் காகிதத்தைப் படிக்கிற ஒரே ஆள் இவள்தான் என்று கடை முதலாளி சொல்லுவார். விதி இந்த இரண்டு பேரையும் பிடித்து ஒரே வீட்டில் வைத்திருந்தது. நல்ல விதி, ரசனையுள்ள விதி.

ஒரு நாள் துறைமுகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். எரிவாயுவில் ஓடும் மின் நிலையம் ஒன்று வரப்போகிறதாம். கரையில் இல்லை, தண்ணீரிலேயே. ஒரு கப்பல் நிறைய எரிவாயு, பக்கத்தில் இன்னொரு கப்பல் நிறைய எந்திரங்கள், அங்கிருந்து கம்பி வழியாகக் கரைக்கு மின்சாரம். இதனால் காற்றுக்கும் கடலுக்கும் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்து சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று தயாரித்திருக்கிறார்கள். மூன்று தொகுதி, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பக்கம். பொது நூலகத்தில் முப்பது நாள் வைத்திருப்பார்கள், மக்கள் படிக்கலாம். முப்பத்தோராம் நாள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

அன்று சாயங்காலமே மச்சான் வந்துவிட்டான். மனைவியின் தம்பி. சின்னப் படகு வைத்து, துறைமுகத்தின் உள் தடுப்புச்சுவர் ஓரமாக நண்டு வலை போடுகிறவன். அவனோடு சேர்த்து ஆறு படகு அந்த இடத்தை நம்பி இருந்தன. அதிகம் பேசமாட்டான். பேசினால் ஒரே விஷயத்தைத்தான் பேசுவான்.

"மச்சான், அந்த எந்திரம் சூடாகாம இருக்கக் கடல் தண்ணியை உறிஞ்சிட்டு, வெந்நீரா திரும்ப விடுமாமே?"

"விடும்தான். அதுக்கென்ன இப்ப?"

"அது எங்க போகுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. சுவர் ஓரமாத்தான் நண்டு குஞ்சு பொரிக்குது. தண்ணி சுட்டா அது தங்காது. நான் மூணாவதோட படிப்பை விட்டவன், எனக்கு அதெல்லாம் புரியாது. நீங்கதான் எல்லாத்தையும் முழுசாப் படிக்கிறவராச்சே."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "மாப்ள, நாளைக்குக் காலையில நூலகம் திறக்கும்போது நான் வாசல்ல நிப்பேன். போதுமா?"

சொன்னபடியே நின்றார். அதில் குறை சொல்ல முடியாது. நூலகர் அம்மா மூன்று தொகுதிகளையும் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தபோது மேஜை ஒருமுறை முனகியது. அவர் முதல் தொகுதியைக் கையில் தூக்கினார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"அஞ்சு கிலோ நூறு" என்றார்.

"என்ன சார்?"

"எடையைச் சொன்னேன்."

முதல் பக்கத்தைப் படித்தார். நிஜமாகவே படித்தார். நானே சாட்சி. இரண்டாம் பக்கத்தில் சுருக்கெழுத்துகளின் பட்டியல் ஆரம்பித்தது, அது பதினான்காம் பக்கம்வரை போயிற்று. அவர் அங்கிருந்து ஒரு வரைபடத்துக்குத் தாவினார். கடல் நீலமாகவும் கரை பச்சையாகவும் பார்க்க லட்சணமாக இருந்தது. நீலத்தில் ஓர் அம்புக்குறி துறைமுகத்திலிருந்து வெளிக்கடலைப் பார்த்துப் போயிற்று. "ஆக, வெந்நீர் வெளியே போயிடுது" என்று தீர்மானித்தார். அந்த அம்பு காற்று வீசும் திசையைக் காட்டுவதாகக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்தார், அங்கே அச்சகத்தின் முகவரி இருந்தது. மூடினார். மொத்தம் பதினொரு நிமிடம்.

எழுந்தபோது நூலகர் அம்மா ஒரு படிவத்தை நீட்டினாள். "படிச்சவங்க கருத்தை எழுதிக் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க சார்."

அறிக்கையைப் படித்தீர்களா? முழுமையாக, ஓரளவு, இல்லை. மூன்று கட்டங்கள். பேனா ஒரு நொடி "ஓரளவு" என்பதன் மேல் நின்றது. எப்படி மனசு வரும், சொல்லுங்கள்! இருபது வருடமாகச் சேர்த்து வைத்த பெயரை ஒரு சின்னக் கட்டத்துக்குள் தொலைப்பதா? "முழுமையாக" என்பதில் பளிச்சென்று ஒரு குறி போட்டார். ஆட்சேபணை இருந்தால் பக்க எண்ணோடு எழுதவும் என்றிருந்தது. பக்க எண்ணுக்கு எங்கே போவது? ஆகவே ஆட்சேபணை இல்லை. கருத்து என்ற இடத்தில் நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார்: "மூன்று தொகுதிகளையும் முழுமையாகப் படித்தேன். மொத்த எடை ஐந்து கிலோ நூறு கிராம். கனமான அறிக்கை. முழுத் திருப்தி."

அன்று மத்தியானம் படகுத்துறையில் ஆறு படகுக்காரர்களும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"கவலையே படாத மாப்ள. வெந்நீர் பூராவும் வெளிக்கடலுக்குப் போயிடுது. அதுக்குன்னே தனியா ஒரு அத்தியாயம் வெச்சிருக்கான். நடுவுல ஒரு இடம் வருது பாரு..."

"அப்ப மனு குடுக்க வேணாமா?"

"எதுக்கு மனு? படிக்காதவங்கதான் மனு குடுப்பாங்க."

எழுதி வைத்திருந்த மனுவை மச்சான் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான். இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"படிச்சாச்சா?"

"முழுசா."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"பத்து மணிக்கு."

"பத்தரைக்குக் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை வாங்கிட்டுப் போனீங்களே?"

"அதைப் படிச்சுத்தான் தலைவலி வந்துச்சு" என்றார். சமயத்தில் கைகொடுக்கிற வாய் அவருக்கு.

அவள் மறுநாள் மத்தியானம் கடையை இரண்டு மணி நேரம் அடைத்திருக்கும்போது நேராக நூலகத்துக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். தம்பியின் பிழைப்பாயிற்றே, நானும் ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

"உனக்கெதுக்குச் சிரமம்? நான்தான் படிச்சிட்டேனே?"

"நீங்க படிச்சது உங்களுக்கு. நான் படிக்கிறது எனக்கு."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வினோதமான பரீட்சை ஆரம்பமாயிற்று. படிக்காதவர் படித்தவளிடம் விஷயத்தைக் கறக்கவேண்டும், ஆனால் கறப்பது தெரியக்கூடாது.

"இன்னைக்கு அந்த மீன் பத்தின இடம் வந்துச்சா?" என்று பல் துலக்கிக்கொண்டே தூண்டில் போடுவார்.

"எந்த மீன்?"

"அதான்... அந்த மீன்."

"நீங்களே சொல்லுங்க, எனக்கு மறந்துபோச்சு."

வாயில் நுரையோடு அவர் குளியலறைக்குள் ஓடிவிடுவார்.

நாலு நாளுக்கு ஒருமுறை அவளே வந்து கேட்பாள்: "இங்க அலைன்னு போட்டிருக்கான், இதையே ரெண்டாவது தொகுதியில நீரோட்டம்ங்கிறான். ரெண்டும் ஒண்ணா, வேறயா?" அவர் கண்களை மூடி, ஆழமாக மூச்சிழுத்து, "அது நீ எந்தக் கோணத்துல பாக்குறேங்கிறதைப் பொறுத்தது" என்பார். அவள் தன் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போவாள். இருபதாம் நாள் அறிக்கை தயாரித்த நிறுவனத்து ஆட்கள் வந்து நூலகத்துப் படிவங்களையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். "நீ எழுதிக் குடுக்கலையா?" என்றார். "இன்னும் நானூறு பக்கம் பாக்கி இருக்கே. முடிக்காம எப்படிங்க கையெழுத்துப் போடுறது?" என்றாள். கேட்டவருக்குக் காது மடல் சிவந்துபோயிற்று.

முப்பத்தோராம் நாள் வந்தது. துறைமுகத் தொழிலாளர் மண்டபம். நானூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு மின்விசிறி, அதில் இரண்டு சுற்றாதவை. மேடையில் நீளமான மேஜை, அதன்மேல் அந்த மூன்று தொகுதிகளும் ஐந்து வரிசையாக, ஆளுக்கு ஒரு செட், ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் பளபளவென்று. நடுவில் மாவட்ட அதிகாரி. அவர்தான் தலைவர். ஓரத்தில் அறிக்கை தயாரித்த நிறுவனத்தின் ஆலோசகர், கையில் சிவப்பு ஒளி அடிக்கும் பேனா. கீழே முதல் வரிசையில், திட்டத்தை எதிர்க்கும் சங்கத்தின் வக்கீல்.

தலைவர் எழுந்தார். "அறிக்கையை முழுமையாகப் படித்த பின்னரே இங்கு வந்திருக்கிறேன்" என்றார். ஆலோசகர் எழுந்தார். "முழுமையாகப் படித்துத் தயாரிக்கப்பட்ட அறிக்கை" என்றார். வக்கீல் எழுந்தார். "ஒரு வரி விடாமல் முழுமையாகப் படித்துவிட்டுச் சொல்கிறேன், இது குப்பை" என்றார். கைதட்டல். திட்டத்தை ஆதரிக்கும் வியாபாரிகளும் முழுமையாகப் படித்திருந்தார்கள், எதிர்ப்பவர்களும் முழுமையாகப் படித்திருந்தார்கள். இப்படி ஒரு படிப்பாளிகள் கூட்டத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலாவது பார்க்க முடியுமா?

நம்மவருக்குக் கை அரித்தது. மைக் என்று ஒன்று இருக்கும்போது முழுசாகப் படித்தவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையோடு எழுந்து போய்விட்டார்.

"தலைவர் அவர்களுக்கு வணக்கம். மூணு தொகுதியையும் நான் முழுசாப் படிச்சேன். பொதுவா நல்லா இருக்கு. ஆனா நடுவுல ஒரு இடம் வருது பாருங்க..."

"எந்தப் பக்கம்?" என்றார் தலைவர்.

இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. காலையில் கடைசியாக எடைமேடை ஏறிய லாரியின் எண் அவர் கண்ணுக்கு முன்னால் மிதந்து வந்தது.

"எழுநூத்திப் பன்னண்டு" என்றார்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். தலைவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆமாம். அந்தப் பக்கம் எனக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது" என்றார். வக்கீல் துள்ளி எழுந்தார். "நாங்கள் முதலிலிருந்தே கதறுவது அதைத்தான்! எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இந்த மக்களின் முகத்தில் அடித்த அடி!" பின்வரிசை ஆர்ப்பரித்தது. ஆலோசகர் மட்டும் சும்மா இருப்பாரா? "எழுநூற்றுப் பன்னிரண்டை மட்டும் தனியாகப் பார்க்கக்கூடாது. அதில் சொன்ன புள்ளிவிவரங்களை ஆயிரத்து முப்பதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்" என்றார். "புள்ளிவிவரமே தப்பு!" என்றார் வக்கீல். "தப்பில்லை, கொஞ்சம் தோராயம்" என்றார் ஆலோசகர். வியாபாரிகள் தரப்பில் ஒருவர் எழுந்து, எழுநூற்றுப் பன்னிரண்டால்தான் இந்த ஊருக்கே வேலைவாய்ப்பு வரப்போகிறது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பத்திரிகைக்காரர் பரபரவென்று குறித்துக்கொண்டார். நாற்காலிகள் நகர்ந்தன, கைகள் நீண்டன, யாரோ யாரையோ துரோகி என்றார்கள். இருபது நிமிடம். அத்தனை நேரமும் மேஜைமேல் இருந்த ஐந்து செட்டில் ஒன்றின் உறையைக்கூட ஒருவரும் கிழிக்கவில்லை.

நம்மவருக்குத் தலை கிறுகிறுத்தது. நிஜமாகவே படித்துவிட்டோமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் தட்டியது.

அப்போது அவருடைய மனைவி எழுந்தாள். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, எழுநூத்திப் பன்னண்டாம் பக்கத்துல ஒண்ணுமே இல்லைங்க."

"ஒன்றுமே இல்லை என்றால்? போதுமான தகவல் இல்லை என்கிறீர்களா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. பக்கமே காலி. முதல் தொகுதி எழுநூத்திப் பதினொண்ணுல முடியுது. அடுத்த பக்கத்துல ஒரே ஒரு வரி. 'இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது.' அவ்வளவுதான்."

தலைவர் ஒரு செட்டை இழுத்தார். உறை கிழியும் சத்தம் மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. புரட்டினார். பார்த்தார். மூடினார். முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு முன்னால் உருண்டு வந்தது. சுற்றாத மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். ஒரு நண்டுக்காரர் நாற்காலியோடு மல்லாந்தார்.

ஆலோசகர் நிலைமையைச் சமாளிக்கத் துணிந்தார். கணினியைத் தட்டி, திரையில் ஒரு பெரிய வட்டத்தைக் காட்டினார், முழுக்கப் பச்சை. "சிரிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். அறிக்கையை முழுமையாகப் படித்த பொதுமக்களில் நூறு சதவீதம் பேர் முழுத் திருப்தி தெரிவித்திருக்கிறார்கள். வெந்நீர் பற்றி ஆட்சேபணை பூஜ்யம். ஆகவே இதற்குமேல் ஆய்வு தேவையில்லை என்று பரிந்துரைக்கிறோம்."

"மொத்தம் எத்தனை பேர் முழுமையாகப் படித்தார்கள்?" என்றார் தலைவர்.

"ஒருவர் சார்."

அந்த ஒருவரின் படிவம் திரையில் வந்தது. பெயரைக் கறுப்பு மை பூசி மறைத்திருந்தார்கள். ஆனால் கருத்தை மறைக்கவில்லை. "மொத்த எடை ஐந்து கிலோ நூறு கிராம்" என்பதை நானூறு பேரும் வாய்விட்டுப் படித்தார்கள். துறைமுகத்தில் அந்தக் கையெழுத்து இல்லாத லாரிச் சீட்டு உண்டா? நானூறு தலைகள் திரும்பின. மச்சான் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், அது உங்க எழுத்துதானே?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். ஏதாவது ஒரு கோணத்தைப் பற்றிச் சொல்லித் தப்பித்திருப்பார். கோபம் இல்லை. இன்னமும் நம்பிக்கைதான் இருந்தது. 'ஏதோ காரணம் இருக்கும், மச்சான் சொல்லுவார்' என்கிற மாதிரி. அதுதான் தாங்கவில்லை. பேசாமல் உட்கார்ந்துவிடலாம், பெயரைத்தான் மறைத்திருக்கிறார்களே என்று ஒரு மனசு சொல்லிற்று. ஆனால் ஆறு படகும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மனைவியிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"நான் படிக்கல" என்றார்.

மைக் கீச்சென்றது.

"அறிக்கையை நான் படிக்கல. முதல் பக்கம் மட்டும் படிச்சேன். ஒரு படம் பார்த்தேன். தூக்கிப் பார்த்தேன். பதினோரு நிமிஷம்தான் இருந்தேன். என் மச்சானுக்கு வெந்நீர் வெளிய போயிடும்னு சொன்னது கட்டுக்கதை. அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க. இவங்க என் பேச்சை நம்பித்தான் மனு குடுக்கல. தப்பு அவங்க மேல இல்ல."

இருபது வருடப் பாரத்தை மேடையில் இறக்கிவிட்டு நின்றார். உடம்பு லேசாக இருந்தது. எவ்வளவு லேசு என்று அவருக்கே எடை சொல்லத் தெரியவில்லை.

இந்த மாதிரி வியாதி சீக்கிரம் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "நான்... சுருக்கத்தைத்தான் படித்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முதல் பாதி" என்றார். வேலைவாய்ப்புக்காரர், தனக்குக் கண்ணாடி மாற்றவேண்டியிருக்கிறது என்றார். தலைவர் தன் மேஜைமேல் கிடந்த கிழிந்த உறையை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினார். ஆலோசகர்தான் பாவம், அழுகிற குரலில் சொன்னார்: "சார், ரெண்டாவது தொகுதி மட்டும்தான் நான் எழுதினேன். மூணாவதை வேற ஆளுங்க எழுதினாங்க. அவங்க என்னுதைப் படிச்சிருப்பாங்கன்னு நான் நெனச்சேன். நான் அவங்களுதைப் படிச்சிருப்பேன்னு அவங்க நெனச்சிருப்பாங்க."

"அதாங்க விஷயமே" என்றாள் மனைவி. சின்ன நோட்டைத் திறந்தாள்.

"ஆயிரத்து நூத்தி முப்பத்தொன்பதாம் பக்கம், ரெண்டாவது தொகுதி. உள் சுவர்ல ஒரு திறப்பு இருக்கு, வெந்நீர் அது வழியா ஆறு மணி நேரத்துல வெளிக்கடலுக்குப் போயிடும், அதனால ஆபத்து இல்லைன்னு சொல்லியிருக்காங்க. சரி. ஆயிரத்து அறுநூத்தி எட்டாம் பக்கம், மூணாவது தொகுதி. எரிவாயுக் கப்பல் அலையில ஆடாம நிக்கணும்னு புதுசா ஒரு சுவர் கட்டப்போறாங்க. எங்கே? அதே திறப்பை அடைச்சு. வெந்நீர் போற வழியை ஒரு புத்தகத்துல திறந்து வெச்சிட்டு, இன்னொரு புத்தகத்துல மூடிட்டீங்க. அப்ப அந்தத் தண்ணி எங்கதாங்க போகும்? இதைத்தான் என் தம்பி ஒரு மாசமா கேட்டுட்டிருக்கான்."

இந்த முறை மீதி நாலு செட்டின் உறையும் கிழிந்தன. மேடையில் இருந்த ஐந்து பேரும் புரட்டினார்கள். ஆலோசகரின் சிவப்பு ஒளி கூரையில் எங்கேயோ நடுங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் நிமிர்ந்து, "அம்மா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"இதைத்தாங்க."

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மச்சான் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த மனுவை எடுத்து மேடையில் கொண்டுபோய் வைத்தான், அதன்மேல் மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வெந்நீர் ஆய்வை முதலிலிருந்து மறுபடி செய்யச்சொல்லி உத்தரவு வந்தது. ஏழு மாதம் கழித்து வந்த இரண்டாவது அறிக்கையில் வெந்நீர்க் குழாயை உள் சுவருக்கு அப்பால், ஆழ்கடல் பக்கம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். மின் நிலையம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் நண்டும் சுவர் ஓரத்தை விட்டுப் போகவில்லை. மச்சான் இன்னமும் அங்கேதான் வலை போடுகிறான். அக்காள் புருஷனோடு ஒன்பது நாள் பேசாமல் இருந்தான். பத்தாம் நாள் ஒரு கூடை நண்டைக் கொண்டுவந்து, "எத்தனை கிலோன்னு பாத்துச் சொல்லுங்க மச்சான், அதுல மட்டும் நீங்க பொய் சொல்லமாட்டீங்க" என்றான்.

நம்மவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். திருந்தினார், அதுதான் பெரிய வம்பாகப் போயிற்று. இரண்டாவது அறிக்கை இரண்டாயிரத்து நூறு பக்கம். அதை நிஜமாகவே படித்தார், மனைவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மத்தியானம் மத்தியானமாக. சுருக்கெழுத்துப் பட்டியலைக்கூட விடவில்லை. முன்பெல்லாம் "நீங்களே படிங்க, புரியும்" என்று ஒரே வரியில் விட்டுவிடுவார், நாமும் பிழைத்தோம். இப்போதோ லாரிக்காரர்களை எடைமேடையிலேயே நிறுத்திவைத்து, கடல்நீரின் உப்பளவு மாறும் விதத்தை இணைப்பு நான்கிலிருந்து பத்திவாரியாக விளக்குகிறார். வாசலில் லாரி வரிசை நிற்கிறது. அவர் தெருவில் வந்தால் ஆட்கள் வேறு தெருவுக்குப் போய்விடுகிறார்கள். மனைவி மட்டும் முகவாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே திருத்துகிறாள்.

நல்லவேளை, அந்த இனம் அவரோடு ஒழிந்தது, நமக்கென்ன என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நாளைக்கு யாராவது ஒரு நண்பர் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச்சை எடுப்பார். நீங்கள் ஒரு கணம்கூடத் தயங்கமாட்டீர்கள், பதில் உங்கள் நாக்கு நுனியில் இப்போதே தயாராக உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நம் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும்.

இந்தக் கடைசிப் பத்திக்கு எந்தப் பத்தியிலிருந்து தாவி வந்தீர்கள்?